கண் வெள்ளைக்குக் கலந்த நிறம்

முகம் வரையும்போது கண்ணின் வெள்ளையை நான் கடைசியாகத்தான் தொடுவேன். புதிதாக வரைகிறவர்கள் டியூபிலிருந்து வெள்ளையைப் பிதுக்கி நேராக அங்கே வைத்துவிடுவார்கள். படத்தில் இருப்பவர் எதையோ கண்டு பயந்தவர் மாதிரி முழிப்பார். கண்ணின் வெள்ளை வெள்ளையே கிடையாது. மேல் இமையின் நிழல் அதன்மேல் விழும். மூக்கோரத்தில் கொஞ்சம் சிவப்பு ஊறியிருக்கும். உடுத்தியிருக்கும் துணியின் நிறம் கீழேயிருந்து ஏறும். எல்லாம் சேர்ந்து அது ஒருவிதச் சாம்பல். எந்தச் சாம்பல் என்பது மற்ற முகம் முழுக்க முடிந்த பிறகுதான் தெரியும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தேன் என்று ஒரு காலத்தில் எனக்குக் கர்வம் இருந்தது.

நான் ஓவியம் படித்தவன் அல்ல. காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பெயிண்ட் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேலாக நிறம் பார்க்கிறவன். வாடிக்கையாளர் ஒரு தகரத் துண்டைக் கொண்டுவந்து, இதே நிறத்தில் இத்தனை டின் வேண்டும் என்பார். அந்த நிறத்தைக் கலந்து கொண்டுவருவது என் வேலை. பின்னால் அதற்கு மெஷின் வந்தது. ஆனாலும் மெஷின் சரி என்று சொன்ன பிறகு மேனேஜர் தகரத்தை என் பக்கம்தான் நீட்டுவார். நான் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பேன். பார்வையை வேறு பக்கம் திருப்பிக் கண்ணை ஆறவிடுவேன். மறுபடி பார்ப்பேன். "மஞ்சா ஒரு சொட்டு தூக்குது சார்" என்பேன். டின் நிறைய வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள். பெரும்பாலும் நான் சொன்னது சரியாக இருக்கும்.

மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் திருவள்ளூரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் எண்ணெய் வண்ணப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். பன்னிரண்டு சின்ன டியூபுகள். ஏன் வாங்கினேன் என்று தெரியாது. வாங்கி வந்த பிறகு செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கம்பெனி பெயிண்ட் அரை மணியில் காய்ந்துவிடும். அதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும், எடுத்தால் எடுத்ததுதான். எண்ணெய் வண்ணம் அப்படியில்லை. ஆளி விதை எண்ணெயில் குழைத்தது காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். போன ஞாயிற்றுக்கிழமை வைத்த நிறத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை வழித்தெடுக்கலாம், கரைக்கலாம், மேலே இன்னொன்றை வைக்கலாம். என் வாழ்க்கையில் அவசரமே இல்லாத ஒரே வேலை அதுதான். அதனால்தான் அது எனக்குப் பிடித்தது.

என் மனைவி அதே பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். ஆறு நாள் நின்றுகொண்டே வேலை. என் ஓவியத்தை அவள் கேலி செய்யாத வாரம் கிடையாது.

"ஒரு வாயக்காய நாலு வாரமா வரஞ்சிக்கினு கீற. அது பயுத்தே பூட்ச்சு. நாங்க துன்னுட்டோம்."

ஆனால் வரைந்ததைக் கொண்டுவந்து மாட்டச் சொல்வதும் அவள்தான். வாழைக்காய்ப் படம் சமையலறைக் கதவுக்கு மேல் இன்றும் இருக்கிறது.

காய்கறி, பானை, ஜன்னல், சோழவரம் ஏரியின் கரை என்று ஐந்தாறு வருடம் போன பிறகு எனக்கு முகம் வரையும் துணிச்சல் வந்தது. அவளை உட்காரச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டாள், அப்புறம் சம்மதித்தாள். சம்மதித்த அன்று அலமாரியிலிருந்து ஒரு நீலப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அது அவளுடைய அக்கா எடுத்துக் கொடுத்தது. நல்ல அடர் நீலம், ஓரத்தில் மெல்லிய வெள்ளிக் கம்பி.

நான் வேண்டாம் என்றேன். அவள் நிறம் நல்ல பழுப்பு. வெயிலில் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எழும். அந்த மாதிரித் தோலுக்குக் கறுப்பு வண்ணத்தைத் தொடவே கூடாது, தொட்டால் செத்துவிடும். சியன்னா என்ற மண் பழுப்பும் நீலமும் கலந்து அந்த ஆழத்தைக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் பெரிய நீலப் பரப்பு இருந்தால் தோல் குளிர்ந்துபோகும், சோர்வாகத் தெரியும். கடுகு மஞ்சள் இருந்தால் அந்த மஞ்சள் தாடைக்கு அடியில் ஏறி முகத்தையே சூடாக்கும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன்.

"எனக்கு மஞ்சா புடிக்காதுயா. நீலம்தான் எனக்கு எடுக்கும்."

"உனுக்கு எடுக்கலாம். படத்துக்கு மஞ்சாதான் எடுக்கும்."

"படத்துல கீறது யாரு? நான்தான?"

இருந்தாலும் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். எங்களிடம் கடுகு நிறத்தில் ஒரே ஒரு நூல் புடவை இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்காருவாள்.

முதல் மாதம் நன்றாகப் போனது. இரண்டாவது மாதம் அவள் அசைய ஆரம்பித்தாள். முழங்கையைச் சொறிவாள், கழுத்தைச் சொறிவாள், காலை நாற்காலிக் காலில் தேய்ப்பாள்.

"அரிக்குதுயா."

"ஆடாதமே. நியலு மாறுது."

"மெய்யாலுமே அரிக்குது. இந்தப் புடவ சேரல போல."

"இன்னும் பத்து நிமிசம்."

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அதைப் பார்த்தேன். சொறிய முடியாதபடி தன் கையைத் தானே பிடித்துவைத்துக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நல்லது, இனி ஆடமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் இளைத்துக்கொண்டும் வந்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்றாள். வேலைக் களைப்பு என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டோம். எனக்கு அவளுடைய கன்ன எலும்பு முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சம் எங்கே திரும்புகிறது என்பது சுலபமாகக் கிடைத்தது. முன்பு பூசினாற்போல் இருந்த முகம் இப்போது வரைவதற்கு வசதியாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது என் கை நின்று நின்றுதான் போகிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணின் வெள்ளைக்கு வந்தேன்.

வெள்ளையில் நீலம் கொஞ்சம், சியன்னா கொஞ்சம் சேர்த்து ஒரு சாம்பல் குழைத்தேன். வண்ணம் குழைக்கும் கத்தியின் நுனியில் எடுத்து நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் கண்ணோடு ஒப்பிட்டேன். சேரவில்லை. நீலத்தைக் குறைத்தேன், சேரவில்லை. கால் மணி நேரம் போராடிய பிறகு, லெமன் மஞ்சளில் ஊசி முனையளவு எடுத்துத் தொட்டேன். சட்டென்று சேர்ந்துகொண்டது. கத்தி நுனியில் இருந்த நிறமும் அவள் கண்ணும் ஒன்றாகிவிட்டன. அந்த மாதிரி ஒரு நிறம் சேருகிற நொடியில் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவும். தினமும் கம்பெனியில் அனுபவிப்பதுதான், ஆனாலும் அலுக்காது.

ஒவ்வொரு ஞாயிறும் கலந்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். அன்று எழுதினேன்: கண் வெள்ளைக்கு லெமன் மஞ்சள், ஊசி முனை. புடவையின் மஞ்சள் கண்ணில் ஏறுகிறது. நல்ல உதாரணம்.

அடுத்த ஞாயிறு பார்த்தபோது படத்தின் கண் வெளுப்பாக இருந்தது. அவள் கண்ணில் மஞ்சள் கூடுதலாக இருந்தது. போன வாரம் நான்தான் தப்பாகக் கலந்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அதையும் எழுதிவைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு மதியம், வரைந்து முடித்து நான் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பழைய ரோஸ் நைட்டி ஒன்றை மாற்றிக்கொண்டு வந்து, சாப்பிடக் கூப்பிட்டு அதே ஜன்னலோரம் நின்றாள். அப்போதும் கண்ணில் மஞ்சள் இருந்தது. இரண்டு மணி நேரம் மஞ்சளையே பார்த்துக் களைத்த என் கண்தான் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டேன். மஞ்சளைப் பார்த்துக் களைத்த கண் அடுத்த பொருளில் ஊதாவைக் காட்டும், மஞ்சளைக் காட்டாது. அது எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் வருடமே தெரிந்துகொண்ட விஷயம் அது. தெரிந்ததை நினைத்துப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை அவளுடைய அக்கா எளாவூரிலிருந்து வந்தார். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை போட்டிருப்பவர். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். படியேறி வந்து செருப்பைக் கழற்றும்போதே தங்கையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாடி இது, கண்ணு மஞ்சாவா கீது? நைனா, நீ பாக்கவே இல்லியா?"

"புடவ கலரு அண்ணி, அது கண்ணுல அடிக்கும்" என்றேன்.

"இன்னா புடவ? பச்ச இல்ல கட்டிக்கினு கீறா?"

நான் பார்த்தேன். அவள் கிளிப்பச்சைப் புடவையில் இருந்தாள்.

அக்கா அன்றே கிளம்பிப் போய், மறுநாள் கீழாநெல்லி அரைத்த உருண்டைகளோடு திரும்பி வந்தார். அவர்கள் ஊர்ப் பக்கம் காமாலைக்கு அதுதான் முதல் மருந்து. எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கிறது. உப்பில்லாத சோறு, மோர், கீழாநெல்லி என்று பத்து நாள் ஓடியது. மஞ்சள் குறையவில்லை, ஏறியது. பதினோராம் நாள் திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்.

சென்னையில் அவளைச் சோதித்த டாக்டர் சின்ன வயதுக்காரர். கணையத்தில் கட்டி, அது பித்தக் குழாயை அழுத்துவதால்தான் மஞ்சள் என்றார். பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது, அறுவை செய்ய முடியாது, குழாயில் ஸ்டென்ட் வைத்தால் மஞ்சளும் அரிப்பும் குறையும் என்றார்.

"எத்தனை நாளா மஞ்சள் இருக்கு?"

"பத்து, பன்னண்டு நாளா சார்" என்றேன். அக்கா பார்த்த நாளிலிருந்து கணக்குச் சொன்னேன்.

மனைவியையும் மகளையும் வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். "ஒரு மாசம் முன்னாடியே வந்திருந்தா ஆபரேசன் பண்ணியிருக்கலாமா சார்?"

அவர் ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தார். "சொல்ல முடியாதுங்க. அப்பவே சுத்தியிருக்கலாம். சுத்தாமலும் இருந்திருக்கலாம். அதை நினைச்சு நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார்.

அந்த இரண்டு 'இருக்கலாம்'களோடுதான் நான் இன்றும் இருக்கிறேன்.

ஸ்டென்ட் வைப்பதற்கு முந்தின நாள் வார்டில் அவளிடம் சொல்லிவிட்டேன். மகள் இட்லி வாங்கப் போயிருந்தாள். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவளுக்காகச் சொன்னேனா, என் பாரம் குறையச் சொன்னேனா என்று கேட்டால், என் பாரத்துக்குத்தான்.

"அக்கா பாக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்தேன். மூணு வாரம். கண்ணுல மஞ்சா இருந்துச்சு. நான் புடவைன்னு நெனச்சேன்."

அவள் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது உள்ளே போய்ச் சேர நேரம் ஆனது.

"பாத்தியா?"

"ம்."

"பாத்துக்கினு இன்னா பண்ண?"

நான் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

"இன்னா பண்ணன்னு கேக்கறேன்ல?"

"கலந்தேன்."

"பெயிண்டு கலந்த." அவள் சத்தம் போடவில்லை. "நான் அரிக்குது அரிக்குதுன்னு சொல்லிக்கினு கீறேன். நீ ஆடாதங்கற. மூணு வாரம் என் கண்ணுலயே கண்ண வெச்சிக்கினு பாத்துட்டு, பெயிண்டு கலந்துக்கினு இருந்துருக்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த நாளும் அடுத்த நாளும் என்னோடு பேசவில்லை. ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே கொண்டுவந்தபோது மகளின் கையைத்தான் பிடித்தாள். மகள் என்னவோ நடந்திருக்கிறது என்று என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை காபி ஆற்றிக் கொடுத்தபோது டம்ளரை வாங்கிக்கொண்டு, "சக்கர பத்தல" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அவள் திரும்பப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் மஞ்சள் இறங்கியது. அரிப்பு நின்றது. கொஞ்சம் சாப்பிட்டாள். கட்டிக்கான ஊசி மருந்துக்காக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திருவள்ளூரிலிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்வந்தோம். மகள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள், கல்யாணமாகி அங்கேயே வாடகை வீட்டில் குடியிருந்தாள். விடுமுறைக்கெல்லாம் வந்துவிடுவாள். அந்த நாலு மாதம் எங்கள் வீட்டில் சிரிப்பு கூட இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

தினமும் காலையில் பல் துலக்கிவிட்டு அவள் நேராக வாசல் வெளிச்சத்துக்கு வருவாள். என் முன்னால் நின்று கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டுவாள்.

"இன்னா கலரு, சொல்லு."

நான் பார்ப்பேன். தெருவைப் பார்த்துக் கண்ணை ஆறவிட்டு மறுபடி பார்ப்பேன். "மஞ்சா இல்ல. மூக்கோரம் லேசா செவப்பு கீது. சரியா தூங்கலியா?" என்பேன். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைவிட அவள் இதைத்தான் நம்பினாள். "கம்பெனில அத்தினி பேரு இவரு கண்ண நம்பிக்கினு கீறாங்க" என்று அக்காவிடம் போனில் சொல்வாள். அதில் குத்தல் இருந்ததா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்த முடி. இந்தத் தபா நான் சொல்ற கலரு."

படத்தைத் தொட எனக்குக் கை வரவில்லை. அதை நான் பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். அவள் விடவில்லை. வெளியே எடுத்தேன். காய்ந்த மஞ்சளின் மேல் நீலத்தைப் பூசினால் பச்சைப் பக்கம் போய்விடும் என்பதால், புடவைப் பகுதி முழுவதையும் கத்தியால் சுரண்டினேன். சுரண்டி, தேய்த்து, மேலே ஒரு சாம்பல் பூச்சு கொடுத்து, காயவிட்டு, அதற்கு மேல்தான் நீலம் வைத்தேன். அவள் பொறுமையாக மூன்று ஞாயிறு உட்கார்ந்தாள். கண்ணையும் மாற்றினேன். வெள்ளை, நீலம், சியன்னா. முதல் தடவையே சேர்ந்தது.

நான் சொன்னபடியே நீலத்துக்குப் பக்கத்தில் தோல் குளிர்ந்துதான் போனது. முகம் முன்பிருந்த சூட்டை இழந்தது. கழுத்தில் ஒரு சோர்வு வந்து உட்கார்ந்தது. ஆனால் அவள் அந்த மாதங்களில் அப்படித்தான் இருந்தாள். மஞ்சளை வைத்துக்கொண்டு நான் அவள் முகத்தில் சூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். நீலம் இருப்பதைச் சொன்னது. எந்த நிறம் படத்துக்கு எடுக்கும் என்பதில் எனக்கிருந்த நிச்சயம் அந்த மூன்று ஞாயிறுகளில் போய்விட்டது, அப்புறம் திரும்பவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு அவள், "மூக்கு கொஞ்சம் பெருசா போட்டுட்ட" என்றாள். பிறகு, "புடவ நல்லா கீது" என்றாள்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை. வழக்கம்போல வாசலுக்கு வந்து இமையை இழுத்தாள். பார்த்த கணமே தெரிந்தது. மூக்கோரத்தில் ஆரம்பித்து ஊசி முனையளவு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

"வெள்ளையாத்தான் கீது" என்றேன்.

அவள் விரலை எடுத்தாள். "அப்பிடியா" என்றாள். உள்ளே போய் வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போட மாடிக்குப் போனாள். அன்று சாயங்காலம் மகளைப் போனில் கூப்பிட்டு, லீவு கிடைத்தால் நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்று சொல்வதைக் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "நீ பொய் சொன்னதுலதான் எனக்குத் தெரிஞ்சிது."

"இன்னா பொய்?"

"கலரு கேட்டா நீ எத்தினி நேரம் பாப்ப? தெருவப் பாப்ப, அப்பால திரும்பிப் பாப்ப. அன்னிக்கி டக்குன்னு சொல்லிட்ட."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பார்த்து, "காம்பு வேணாம், எலய மட்டும் எடு" என்றாள்.

பழையதை எடுத்துவிட்டு இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். அது அவ்வளவாக உதவவில்லை. காலையில் வாசலுக்கு வருவதை அவள் நிறுத்திவிட்டாள். கடைசி மாதம் வீட்டிலேயே இருந்தாள். அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து தங்கிக்கொண்டார். ஒரு நாள் மதியம், நான், அக்கா, மகள் மூன்று பேரும் பக்கத்தில் இருக்கும்போதே, மூச்சு நீண்டு நீண்டு நின்றுபோனது. கண்ணை மூடிவிட்டது மகள்தான்.

பதினாறாம் நாள் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது மகளுக்கு அந்த நோட்டு கிடைத்தது. கம்பெனியில் தினமும் பதிவேடு பார்ப்பவள் அவள். தேதியைத்தான் முதலில் பார்ப்பாள்.

"அப்பா, இது இன்னா? கண் வெள்ளைக்கு லெமன் மஞ்சள்னு போட்டுருக்க. பெரியம்மா வந்து பாத்தது அப்பால தான?"

"ஆமா."

"அடுத்த வாரமும் எழுதிருக்க. அதுக்கு அடுத்த வாரமும்."

"ஆமாம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். ஆஸ்பத்திரில சொன்னேன்."

அவள் நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள். அழவில்லை. பையை எடுத்து, ஒதுக்கி வைத்திருந்த அம்மாவின் புடவைகளை அதில் அடுக்கினாள். "நான் கிளம்பறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நான் கூட நடந்தேன். பையை என்னிடம் தராமல் அவளே சுமந்தாள். அதன் பிறகு இரண்டு மாதம் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் மருமகன் எடுத்து, வேலையில் இருக்கிறாள் மாமா என்பார்.

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யாரோடு பேசினாலும் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். கம்பெனி வாட்ச்மேனை இழுத்துவைத்துப் பார்த்து, ரத்தம் சோதிக்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் இல்லை, பீடிப் புகையாம். "இன்னா சார், ஒரே பேஜாரா கீது உன்னோட" என்று என்னைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தார். பேட்டை முனையில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். அவருக்கு மெய்யாகவே காமாலை, சாதாரணக் காமாலை. மருந்து சாப்பிட்டு மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. "நீ சொல்லலன்னா நான் பாத்துருக்கவே மாட்டேன்பா, நல்லா இருப்ப" என்று டீக்குக் காசு வாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டார். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கடைப் பக்கம் இப்போது போவதில்லை. அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ.

அக்கா ஒரு தடவை வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார். "பத்து நாள் கீயாநெல்லியக் குடுத்து நான்தான் நைனா ஓட்டிட்டேன். அன்னிக்கே டாக்டராண்ட இஸ்துக்கினு போயிருக்கணும்."

"நீங்க இல்ல அண்ணி. நான்தான்."

"நீ ஆம்பள, உனுக்கு இன்னா தெரியும்? நான் பாத்தேன்ல, பாத்தவ இல்ல நானு?"

நான் மூன்று வாரக் கதையை அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தட்டைப் பார்த்து, "சோறு பாதி அப்பிடியே கீது பாரு, துன்னு" என்றார். நான் தின்றேன்.

நீலப் புடவைப் படம் என் வீட்டில் இல்லை. மகள் வாயைத் திறந்து கேட்கவில்லை. நானே ஒரு நாள் அதைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய், அவள் வேலையில் இருக்கும் நேரத்தில் மருமகனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். முகம் வரைவதை நான் விட்டுவிட்டேன். நோட்டு இருக்கிறது. கிழிக்கவும் தோன்றவில்லை, அதில் எழுதவும் தோன்றவில்லை.

போன மாதம் மகளிடமிருந்து போன் வந்தது. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்ற எதுவும் இல்லை.

"ஹவுஸ் ஓனர் சொவுத்துக்கு நம்மளே கலர் அடிச்சிக்கலாம்னு சொல்லிட்டாரு. இன்னா கலர் அடிக்கலாம்?"

"ரூம்ப பாக்காம எப்பிடிம்மா சொல்றது? வெளிச்சம் எந்தப் பக்கத்துலேந்து வருது?"

"வந்து பாரு அப்போ."

ஞாயிற்றுக்கிழமை நிற அட்டைகளை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி போனேன். மேற்கு பார்த்த ஒற்றை அறை. பக்கத்து உருக்காலைகளின் தூசு ஜன்னல் கம்பியில் பழுப்பாகப் படிந்திருந்தது. மகளுக்கு இளம் பச்சை வேண்டுமாம். மேற்கு வெயிலில் அந்தப் பச்சை மங்கி மண்ணாகத் தெரியும், இரண்டு வருடத்தில் தூசு ஏறி இன்னும் மோசமாகும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் அதைச் சொன்னேன். அவள் அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு இதான்பா புடிச்சிருக்கு."

"அப்ப இதையே அடிச்சிடலாம்."

மருமகன் போய் டின் வாங்கி வந்தார். மகள் தரையில் பழைய பேப்பரை விரித்தாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூலையிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கீழ்ப் பகுதியை உருளையால் அடித்துக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு சுவர் முடிந்தது.